தீயறையின் அளவும் எண்ணெய்க் குழாயும்

இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பைத் தம் கையாலேயே செய்ய முனையும் அமெரிக்கர் எவரும் முதலில் கேட்பது, நெருப்பு எரியும் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையே. (தீப்பெட்டி என்றால் நாம் வேறு பொருள் கொள்வோம், ஆகவே தீயறை என்கிறேன்.) இறைச்சி வைக்கும் அறையின் கொள்ளளவில் மூன்றிலொரு பங்கு என்பது அங்கு வழங்கும் விடை. அந்த விடைக்கு ஒரு வரலாறு உண்டு.

பார்பிக்யூ என்ற சொல்லின் வேர் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து வந்தது. 1526இல் வெளிவந்த தமது நூலில், சோளக் கொல்லையில் பறவை விரட்டும் சிறுவர் அமரும் பரணையும் ஸ்பானியரான ஒவியேதோ இதே சொல்லால் குறிப்பிடுகிறார். தினைப்புனத்துப் பரணை அறிந்த தமிழருக்கு இது வியப்பளிக்காது. இறைச்சிப் பரணுக்கோ நெருப்பு நேர் கீழே இருந்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் அது நிலத்தில் வெட்டிய நீண்ட குழியாயிற்று. விறகை வேறிடத்தில் எரித்துத் தணலை அள்ளி வந்து குழியில் கொட்டி, இரவு முழுவதும் கண் விழித்துக் காத்தவர்களில் பெரும்பாலோர் ஆபிரிக்க அடிமைகள். இக்கலையைப் பற்றிப் பேசுவோர் பலர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

நெருப்பை இறைச்சியின் அடியிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் வைப்பது டெக்சாசில் வேரூன்றியது. லொக்கார்ட் நகரில் ஜெர்மானிய வழியினர் நடத்திய இறைச்சிக் கடைகளின் செங்கல் அடுப்புகளில், ஒரு முனையில் விறகு எரியும். மறுமுனைப் புகைபோக்கி வெப்பத்தையும் புகையையும் இழுத்துக்கொள்ளும். 1901இல் ஸ்பிண்டில்டொப்பில் எண்ணெய் பீறிட்டதன் பின்னர் அம்மாநிலத்தில் தடித்த இரும்புக் குழாய்களுக்கும் அவற்றை ஒட்டத் தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை. கழிவுக் குழாய்களே பின்னாளில் அடுப்புகளாயின.

இங்கேதான் கணக்கு சுவையாகிறது. 24 அங்குல விட்டமுள்ள குழாயில் 48 அங்குலம் வெட்டினால் அது இறைச்சி அறை; அதே குழாயில் இன்னும் 16 அங்குலம் வெட்டினால் அது தீயறை. விட்டம் ஒன்றாகையால் நீளத்தை மூன்றால் வகுத்தாலே போதும். விதி இவ்வளவு எளிமையாகப் பரவியதற்கு அந்தக் குழாயும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் விதி வெறும் வசதிக்காகப் பிறந்ததன்று. மாட்டு நெஞ்சிறைச்சி 107 முதல் 135 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பத்து மணித்தியாலத்திற்கும் மேலாகக் கிடக்க வேண்டும். தீயறை சிறிதாயின் அடிக்கடி விறகு திணிக்க வேண்டும். தூரத்து முனைக்கு வெப்பம் எட்டாது. மிகப் பெரிதாயின் வெப்பத்தைக் குறைப்பதற்காகக் காற்றை அடைக்க நேரும். காற்றற்ற விறகு எரியாது, புழுங்கும். அதன் தடித்த வெண்புகை கீலாகப் படிந்து இறைச்சியைக் கசப்பாக்கும். நல்ல புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மெல்லிய நீலம்.

குழாய் கிடைக்காதவர்கள் இப்போது பழைய புரொப்பேன் வாயுத் தொட்டிகளை வெட்டுகின்றனர். அங்கே குழாய்க் கணக்கின் வசதி இல்லை. கன அளவையே பார்க்க வேண்டும். 250 கலன் தொட்டிக்கு, பக்கத்திற்கு ஏறத்தாழ 27 அங்குலம் கொண்ட கனசதுரப் பெட்டி வேண்டும். தகடு கால் அங்குலத் தடிப்பு.