இல்லக் கணினியும் கட்டற்ற மென்பொருளும்

ஒரு மொழியை ஆளுவோர் அம்மொழியை எழுதும் கருவியையும் ஆளுதல் வேண்டும். ஓலையும் எழுத்தாணியும் எழுதுவோனின் உடைமையாகவே இருந்தன. அச்சுப்பொறி வந்தபின் எழுத்து அச்சகத்தாரின் கைக்குச் சென்றது. எனினும், ஈய எழுத்துகளை விலைக்கு வாங்கிய அச்சகத்தார் அவற்றை உருக்கவும், மீண்டும் வார்க்கவும், பிறர்க்கு விற்கவும் உரிமை பெற்றிருந்தனர். கணினி வந்தபோது இந்நிலை மாறியது. பணங்கொடுத்து வாங்கிய பொறி வீட்டு மேசையின்மேல் இருந்தது. அதனை இயக்கும் மென்பொருளோ பிறர் உடைமையாகவே நின்றது. வாங்கியவர்க்குக் கிட்டியது பயன்படுத்தும் இசைவு மட்டுமே.

உடைமை வேறு, இசைவு வேறு என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்து வீடு அவனுக்குச் சொந்தமானதன்று. வேலை உள்ளவரை வீடு இருந்தது. தோட்டம் கைமாறியபோது வீடும் போயிற்று. இன்றைய புத்ராஜெயா, பிராங் பெசார் ரப்பர்த் தோட்டம் இருந்த நிலத்தில் எழுந்த நகரமாகும். 1996இல் தொடங்கப்பெற்ற பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் நடுவிடமாக, அதனையடுத்த சைபர்ஜெயா 1999இல் திறக்கப்பட்டது. கணினி நகரம் எழுந்த மண்ணிலேயே, குடியிருத்தல் வேறு, உரிமை வேறு என்னும் பாடத்தையும் தமிழ்த் தொழிலாளர் கற்றிருந்தனர். இல்லக் கணினியைக் கட்டற்ற இயங்குதளத்திற்கு மாற்றும் முயற்சியின் வரலாற்றை இப்பின்னணியில் நோக்குதல் பொருந்தும்.

தமிழ் நுழைந்த கதை

இந்நாட்டில் கணினித் தமிழின் தொடக்கம் பெருநிறுவனங்களின் கொடையன்று. தனியொருவர் முயற்சியின் விளைவாகும். கிள்ளானைச் சேர்ந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகனான முத்து நெடுமாறன், 1980களின் நடுவில் கணினியில் தமிழை எழுதும் பணியைத் தொடங்கினார். அதுவே பின்னர் ‘முரசு அஞ்சல்’ என்னும் மென்பொருளாக வளர்ந்து உலகத் தமிழரிடையே பரவியது. ஆங்கில விசைப்பலகையில் ஒலிக்கேற்பத் தட்டினால் திரையில் தமிழ் தோன்றும் முறை, தட்டச்சுப் பயிற்சி இல்லாதோரையும் எழுத வைத்தது.

ஆயினும், 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதவையாக இருந்தன. ஓர் எழுத்துருவில் ‘அ’ அமர்ந்த இடத்தில் மற்றோர் எழுத்துருவில் ‘ழ’ அமர்ந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸில் தட்டெழுதிய கட்டுரையைக் கிள்ளானில் திறந்தால், அதே எழுத்துரு அங்கில்லாதபோது பொருளற்ற குறிகளே தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும் அறிஞர்கள் கூடினர். சென்னை மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2000இல் உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இம்மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. உலகத் தமிழர் பலர் இணைந்து வகுத்த ‘திஸ்கி’ என்னும் எட்டுநுண்மிக் குறியீடும் இக்காலத்தில் பரவியது.

இறுதித் தீர்வு ஒருங்குறியால் வந்தது. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல், உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி முதலியவற்றைக் கொண்டே அனைத்தையும் ஆக்கும் முறை அது. எனவே ‘கொ’ என்னும் எழுத்தைக் காட்ட, ககரத்தின் இருபுறமும் குறிகளைப் பிரித்து நிறுத்தும் அறிவு இயங்குதளத்திற்கு இருத்தல் வேண்டும். அவ்வறிவு அமையாத கணினியில் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகத் தமிழ் சிதறிற்று. விண்டோஸ் வரிசையில் 2000ஆம் ஆண்டுப் பதிப்பே தமிழை இவ்வாறு ஏற்ற முதற் பதிப்பாகும். அதற்குமுன் வாங்கிய பொறியில் தமிழ் பிழையின்றித் தோன்ற வேண்டுமாயின், பயனர் செய்யக்கூடியது காத்திருத்தல் ஒன்றே. மூலநிரல் பூட்டப்பட்டிருந்தமையால், திருத்தத் தெரிந்தவர்க்கும் திருத்த வழியில்லை.

கட்டுடைத்த இயக்கம்

பூட்டை ஏற்க மறுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில், 1980ஐ ஒட்டி, அங்கிருந்த புதிய அச்சுப்பொறி அடிக்கடி தாள் சிக்கி நின்றது. அதன் மென்பொருளைத் திருத்த அவர் முன்வந்தார். மூலநிரல் தர மறுக்கப்பட்டது. இச்சிறு நிகழ்ச்சி பெரிய சிந்தனைக்கு வித்திட்டது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ‘க்னூ’ திட்டத்தை அவர் அறிவித்தார். எப்பயனுக்கும் இயக்கும் உரிமை, ஆராய்ந்து மாற்றும் உரிமை, பிறர்க்குப் படியெடுத்துத் தரும் உரிமை, மாற்றிய வடிவத்தைப் பரப்பும் உரிமை என நான்கு உரிமைகளை அவ்வியக்கம் வகுத்தது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றி அறிவித்தார். அதன் கருவான லினக்ஸ் மறு ஆண்டில் க்னூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. இரண்டும் இணைந்தபோது முழுமையான கட்டற்ற இயங்குதளம் உருவாயிற்று.

ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால், அவ்வியக்கத்தார் தம் கருத்தை ஓயாமல் விளக்க வேண்டியிருந்தது. தமிழுக்கு அவ்விடர் இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. இலவசமாகக் கிடைப்பது கட்டுள்ளதாகவும் இருக்கலாம். கட்டற்றதை விலைக்கு விற்கவும் செய்யலாம். தமிழ்க் கணினியாளர் ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் தொடரை ஆக்கியபோதே பொருள் தெளிவுற்றது.

தமிழ் முகம் பெறுதல்

இவ்வுரிமைகளுள் மாற்றும் உரிமையே தமிழுக்குப் பெரும்பயன் அளித்தது. கே.டி.ஈ., க்னோம் என்பன லினக்ஸ் கணினியின் திரைத்தோற்றத்தை அமைக்கும் மென்பொருள்கள். 2000ஆம் ஆண்டையொட்டிப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் அவற்றைத் தமிழாக்கத் தொடங்கினர். அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. சந்தை போதுமா என்று கணக்கிடவும் இல்லை. ‘கோப்பு’, ‘சுட்டி’, ‘பணிமேடை’ போன்ற சொற்கள் திரையில் ஏறின. ‘அடைவு’ என்பதா, ‘கோப்புறை’ என்பதா எனச் சொல்லாய்வுகளும் நிகழ்ந்தன. தொடக்கத்தில் திஸ்கி குறியீட்டில் அமைந்த இம்மொழிபெயர்ப்புகள் பின்னர் ஒருங்குறிக்கு மாறின. 2004இல் ரெட்ஹேட் நிறுவனம் ‘லோகித்’ என்னும் இந்திய மொழி எழுத்துருத் தொகுதியைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. அதில் தமிழும் இடம்பெற்றது. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு ஆகிய உள்ளீட்டு முறைகளும் லினக்ஸில் அமைந்தன. கொம்பும் காலும் சிதறிய குறையைத் திருத்தும் வழி எவர்க்கும் திறந்திருந்தது.

அரசுகளும் இதனைக் கருதத் தொடங்கின. மலேசியாவில் ‘மாம்பு’ எனப்பட்ட பொதுத்துறை நவீனமயத் திட்டப் பிரிவு, 2004ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. தமிழகத்தில் எல்காட் நிறுவனம் 2007ஐ ஒட்டி லினக்ஸைத் தன் அலுவலகத்தில் நடைமுறைப்படுத்தியது. கேரளம் தன் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளில் அமைத்துக்கொண்டது.

இல்லங்களில் நிகழ்ந்த மாற்றம்

அரசுத் திட்டம் அலுவலகத்திற்கு உரியது. இல்லத்தின் கணக்கு வேறு. 1990களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கணினி வாங்கிய நடுத்தரக் குடும்பத்திற்குப் பொறியின் விலையே பெருஞ்சுமை. அதன்மேல் மென்பொருளுக்கும் விலை கொடுக்க மனம் ஒப்பவில்லை. இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிட்டிய கள்ளப்படிகள் பல வீடுகளில் நுழைந்தன. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் காத்தது. 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டமும் வந்தது. பிள்ளைக்கு நேர்மை கற்பிக்கும் வீட்டில், பிள்ளை பாடம் படிக்கும் கணினி கள்ளப்படியால் இயங்கியது என்பது சங்கடமான உண்மையாகும். விலையும் வேண்டா, களவும் வேண்டா என்போர்க்கு மூன்றாம் வழியாகக் கட்டற்ற இயங்குதளம் அமைந்தது.

அதனைப் பெறுவதும் தொடக்கத்தில் எளிதன்று. தொலைபேசி வழி இணையத்தில் 700 மெகாபைட் அளவுள்ள குறுவட்டொன்றை இறக்க ஒரு நாளுக்கும் மேலாகும். 2004இல் தோன்றிய உபுண்டு இயங்குதளம், 2005 முதல் 2011 வரை, கேட்போர்க்கெல்லாம் அஞ்சலில் குறுவட்டுகளைக் கட்டணமின்றி அனுப்பியது. அவற்றைப் படியெடுத்து நண்பர்க்குத் தருவது குற்றமன்று. உரிமம் ஊக்குவித்த செயலேயாகும். வட்டிலிருந்தே இயக்கிப் பார்க்கும் வசதி, 2000இல் வெளியான நாப்பிக்ஸ் போன்றவற்றால் பரவியது. வீட்டுக் கணினியில் எதையும் அழிக்காமல், திரை, ஒலி, அச்சுப்பொறி ஆகியன இயங்குகின்றனவா என ஆராய்ந்தபின் நிறுவ முடிந்தது. ஒரே பொறியில் பழைய இயங்குதளத்தையும் புதியதையும் அருகருகே வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. இன்று குறுவட்டின் இடத்தை விரல் அளவுள்ள நினைவகக் குச்சி பிடித்துள்ளது.

இம்மாற்றத்தை நாடச் செய்யும் மற்றொரு காரணம் காலக்கெடு. விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பிற்கான ஆதரவு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாளும், ஏழாம் பதிப்பிற்கானது 2020ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாளும், பத்தாம் பதிப்பிற்கானது 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளும் முடிவுற்றன. பத்தாம் பதிப்பிற்குக் கூடுதல் காலக் காப்பு பெறத் தனி ஏற்பாடு உண்டெனினும், பதினோராம் பதிப்பை ஏற்கும் பாதுகாப்பு அமைப்பு பல பழைய பொறிகளில் இல்லை. விசையும் திரையும் பழுதின்றி இயங்கும் கணினியை, வெளியிலிருந்து வந்த அறிவிப்பொன்று பழம்பொருளாக்கி விடுகிறது. தோட்டம் கைமாறியபோது லயத்திற்கு வந்த அறிவிப்பை ஒத்தது இது. கட்டற்ற இயங்குதளத்தின் எளிய வடிவங்கள் அத்தகைய பொறிகள் பலவற்றுக்கு மீண்டும் சில ஆண்டுகள் வாழ்வு தருகின்றன.

இடரும் கடமையும்

மாற்றம் இடரற்றதென்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். சில கம்பியில்லா இணைப்பு அட்டைகளும் அச்சுப்பொறிகளும் எளிதில் ஒத்துழைப்பதில்லை. அலுவலகத்திற்கு வேண்டிய சில மென்பொருள்கள் கிடைப்பதில்லை. மிகப்பழைய பொறிகளைப் பல கட்டற்ற இயங்குதளங்களும் கைவிட்டுவிட்டன.

தமிழ் எழுத்தாளர்க்கு இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 1990களில் பல்வேறு எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட கதைகளும் கட்டுரைகளும் பழைய கோப்புகளாகவே உறங்குகின்றன. எழுத்துரு மறைந்தால் அவற்றைத் திறந்தும் படிக்க இயலாது. எனவே, இயங்குதளத்தை மாற்றுமுன் இக்கோப்புகளைப் படியெடுத்துக் காத்து, ஒருங்குறிக்கு மாற்றுதல் முதற்கடன் ஆகும். 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவில் அவற்றைச் சேமித்தால், எந்நிறுவனம் மறைந்தாலும் அவ்வடிவைப் படிக்கும் வழி மறையாது. ஒரு மொழியின் இலக்கியம் ஒரு நிறுவனத்தின் ஆயுளோடு கட்டுண்டிருத்தல் ஆகாது.

பிறர் உடைமையாயினும், முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு மறக்கத்தக்கதன்று. அவை இல்லையெனில் மலேசியத் தமிழன் கணினியில் எழுதத் தொடங்கியே இருக்கமாட்டான். கட்டற்ற மென்பொருள் அத்தொண்டை மறுப்பதன்று. தனியொருவர் தோளில் இருந்த சுமையைப் பலர் தோளுக்கு மாற்றுவதாகும்.

அந்தப் பலர் யார் என்பதே இன்றைய வினா. இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்பிலும் புதிய தொடர்கள் சேர்கின்றன. அவற்றைத் தமிழாக்குவோர் சிலரே. அவர்கள் ஓய்ந்தால், தமிழ் அமைந்த திரையில் இடையிடையே ஆங்கிலம் தலைகாட்டும். இசைவு பெற்றுக் குடியிருந்த வீட்டின் கூரை ஒழுகினால் உடைமையாளரைக் குறைகூறலாம். சொந்த வீட்டின் கூரையை வீட்டார்தாம் மாற்றுதல் வேண்டும். கட்டற்ற இயங்குதளத்தை ஏற்கும் ஒவ்வொரு தமிழ் இல்லமும் பத்துத் தொடர்களையேனும் தமிழாக்கித் தருமாயின், அவ்வீடு ஒழுகாது நிற்கும்.