இராமசாமி பரமேஸ்வரன்

பரமேஸ்வரன், இராமசாமி (13.9.1946 – 25.11.1987): இந்தியத் தரைப்படை மேஜர், மகார் ரெஜிமென்ட்டின் 8ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர். இந்திய அமைதி காக்கும் படையுடன் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்து, உடுவில் – கந்தரோடைப் பகுதியில் விடுதலைப் புலிகளுடன் நடந்த சண்டையில் உயிரிழந்தார். போர்க்கள வீரத்துக்காக இந்தியா வழங்கும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் இவருக்கு இறப்புக்குப் பின் அளிக்கப்பட்டது. இலங்கையில் போரிட்ட இந்தியப் படையினருள் இவ்விருதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

பம்பாயில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். மும்பைத் தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக வளர்த்தெடுத்த தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியிலும், பிறகு அதன் கல்லூரியிலும் படித்து 1968இல் அறிவியல் பட்டம் பெற்றார். 1971இல் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1972 ஜூன் 16 அன்று மகார் ரெஜிமென்ட்டின் 15ஆம் பட்டாலியனில் அதிகாரியாக நியமனம் பெற்றார். அங்கே எட்டு ஆண்டுகள். வடகிழக்கு மாநிலங்களில் கிளர்ச்சியாளர்களுக்கு எதிரான நடவடிக்கைகள். பிறகு 8ஆம் பட்டாலியன். பதினைந்து ஆண்டுப் படைவாழ்வு வாழ்க்கைக் குறிப்புகளில் இவ்வளவில் முடிந்துவிடுகிறது. சிப்பாய்கள் இவரைப் ‘பேரி சாகிப்’ என்று அழைத்தார்கள் என்ற செய்தியை மட்டும் எவரும் விடாமல் எழுதுகிறார்கள்.

மகார் ரெஜிமென்ட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மராட்டியத்தின் மகார் சாதியினர் பிரிட்டிஷ் படையில் நெடுங்காலம் பணியாற்றியவர்கள். அம்பேத்கரின் தந்தை அப்படையில் சுபேதாராக இருந்தவர். சில குடிகளே போருக்கு ஏற்றவர்கள் என்னும் ‘போர்க்குடிகள்’ கொள்கை வலுத்ததும் மகார்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அம்பேத்கர் உள்ளிட்டோர் விடாமல் கோரிய பின், 1941 அக்டோபரில் பெல்காமில் இந்த ரெஜிமென்ட் உருவாயிற்று. பின்னாளில் எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்துவிடப்பட்டது. இதன் வரலாற்றில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் பரமேஸ்வரன் மட்டுமே. 1987இல் இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் கி. சுந்தர்ஜியும் தமிழர், அவரும் மகார் ரெஜிமென்ட்டில்தான் தம் படைவாழ்வைத் தொடங்கியவர்.

1987இன் நடுப்பகுதியில் குடாநாடு முற்றுகையில் இருந்தது. வடமராட்சியில் இலங்கைப் படை பெருந்தாக்குதல் நடத்தியிருந்தது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே பலாலியில் இந்தியப் படை இறங்கியது. வந்தவர்களை மக்கள் வரவேற்றார்கள். அது பாசாங்கான வரவேற்பு அல்ல. அந்த நெருக்கம் மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. செப்டம்பர் 26 அன்று விடுதலைப் புலிகளின் திலீபன் நல்லூரில் உண்ணாநோன்பிருந்து இறந்தார். அக்டோபர் 5 அன்று, கடலில் பிடிபட்டுப் பலாலியில் காவலில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட புலிகள் பன்னிருவர் நஞ்சருந்தி உயிர்விட்டனர். அக்டோபர் 10 வாக்கில் புலிகளுக்கு எதிரான இந்தியப் படையின் ‘பவன்’ நடவடிக்கை தொடங்கியது.

பவன் நடவடிக்கையின் முதல் வாரங்கள் இரு தரப்பு நூல்களிலும் விரிவாகப் பதிவாகியுள்ளன. அக்டோபர் 11–12 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படை வீரர்கள் முப்பது பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். அந்த வளாகம் ஒருகாலத்தில் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியாக இருந்தது. உள்ளே அவர் எழுப்பிய பரமேஸ்வரன் கோயில் இன்றும் இருக்கிறது. அக்டோபர் 21, தீபாவளி நாளன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்ளிருந்து புலிகள் சுட்டதற்குப் பதிலடியே அது என இந்தியத் தரப்பில் சொல்லப்பட்டதுண்டு. பிழைத்தவர்களின் வாக்குமூலங்கள் அதை ஏற்கவில்லை. மாத இறுதிக்குள் நகரம் இந்தியப் படையிடம் வீழ்ந்தது. புலிகள் சிறு குழுக்களாக ஊர்களுக்குள் கலைந்தார்கள். அதன் பிறகு நடந்த போர் ஒழுங்கைகளில் நடந்த போர்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கையைத் தெரியாதவர்களுக்கு அந்தப் போர் விளங்காது. இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கிடுகு வேலி அல்லது பனையோலை வேலி. வேலிக்கு அப்பால் வீட்டு வளவு. வளவின் கோடியில் கிணறு. அதற்கும் அப்பால் செம்மண் தோட்டமும் பனங்கூடலும். பத்தடி தள்ளிப் படுத்திருப்பவனை வேலி மறைத்துவிடும். ‘இந்தியன் ஆமி’ வரிசையாக நடந்து வருவது நாய்கள் குரைப்பதிலிருந்தே ஊருக்குத் தெரிந்துவிடும். சமவெளியிலும் மலையிலும் போரிடப் பழகிய படைக்கு இந்த நிலம் புதிது. கந்தரோடையோ, சுண்ணாம்புக்கல்லாலான சிறு தூபிகள் கூட்டமாக நிற்கும் பழம்பெரும் ஊர். 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் அங்கே அகழ்ந்து பழங்காசுகளும் மணிகளும் கண்டெடுத்தார்.

நவம்பர் 24 அன்று கந்தரோடைப் பக்கம் ஆயுதங்கள் வந்திறங்குவதாகத் தகவல் கிடைத்து, பரமேஸ்வரன் தம் கம்பனியுடன் தேடுதலுக்குப் போனார் என்பது வழக்கமான விவரிப்பு. அதற்கு மேல் விவரிப்புகள் பிரிகின்றன. விருதுடன் வெளியான அரசுக் குறிப்பு, தேடுதல் முடிந்து 25ஆம் தேதி பின்னிரவில் திரும்பும் வழியில் பதுங்கித் தாக்குதல் நடந்தது என்கிறது. பிற்காலக் கட்டுரைகள் சில, இரவெல்லாம் ஒரு வீட்டைச் சூழ்ந்து நின்று, விடிந்த பின் தேடி ஒன்றும் அகப்படாமல் திரும்புகையில் தோப்பிலிருந்து சூடு விழுந்ததாகச் சொல்கின்றன. இரவிலா விடிந்த பிறகா என்பது சிறிய வேறுபாடு அல்ல. வேலிகளுக்கிடையே மாட்டிக்கொண்ட ஓர் அணிக்குக் கண் தெரிவதும் தெரியாததும் உயிர் விஷயம். விருதுக் குறிப்பு சம்பவத்தை ஒட்டி எழுதப்பட்டது என்பதால் அதற்குச் சற்று முன்னுரிமை தரலாம்.

அடுத்து நடந்ததில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. பரமேஸ்வரன் சுட்ட இடத்தை நோக்கி நேராகப் பாயவில்லை, பின்வாங்கவும் இல்லை. சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு பக்கவாட்டில் சுற்றிப் போய், பதுங்கியிருந்தவர்களின் முதுகுப்புறத்திலிருந்து தாக்கினார். கைகலப்பாயிற்று. ஒரு போராளி மிக அருகிலிருந்து அவர் மார்பில் சுட்டார். பரமேஸ்வரன் அந்தத் துப்பாக்கியையே பறித்து, சுட்டவரைச் சுட்டுக் கொன்றார். கையிலும் குண்டு பாய்ந்ததாகச் சில விவரிப்புகள் சேர்க்கின்றன. அரசுக் குறிப்பில் அது இல்லை. விழுந்த பிறகும் மூச்சு நிற்கும்வரை கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். கொல்லப்பட்ட புலிகள் ஐவர் என்கிறது குறிப்பு. ஆறு என்பாரும் உண்டு. மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் செலுத்திகளும் கைப்பற்றப்பட்டன. இறந்த போராளிகளின் பெயர்கள் அக்குறிப்பில் இல்லை. பரமேஸ்வரனுக்கு அப்போது வயது 41.

விருது 1988 குடியரசு நாளையொட்டி வழங்கப்பட்டது. அன்று குடியரசுத் தலைவராக இருந்தவர் ஆர். வெங்கட்ராமன். இதுவரை பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரில் காலவரிசைப்படி பரமேஸ்வரன் பதினேழாமவர். அமைதிப் பணி என்ற பெயரில் அனுப்பப்பட்ட படையிலிருந்து இவ்விருதைப் பெற்ற மற்றொருவர், 1961இல் ஐ.நா. படையுடன் காங்கோ சென்று இறந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. பதக்கம் ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடிய வெண்கல வட்டு. நடுவில் அரசுச் சின்னம், சுற்றிலும் இந்திரனின் வச்சிராயுதம் நான்கு முறை. வெறும் ஊதா நிற நாடாவில் தொங்கும். வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்தியப் படை அதிகாரியை மணந்து, இந்துப் புராணங்களில் தோய்ந்த சாவித்திரி கானோல்கர். உயிரைப் பணயம் வைத்துப் பெறும் பொருள் இத்தனை எளிமையாக இருப்பது அதன் அழகு.

அமைதிப்படை 1990 மார்ச் 24 அன்று இலங்கையை விட்டு முற்றாக வெளியேறியது. இழப்பு ஏறத்தாழ 1,200 பேர்.

பரமேஸ்வரன் பயிற்சி பெற்ற பரங்கிமலைப் பள்ளி, அவர் இறந்து ஐந்து வாரங்களில், 1988 ஜனவரி 1 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் என்று பெயர் மாறியது. அதன் அணிவகுப்புத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. புதிய அதிகாரிகள் அதில் நடந்துதான் வெளியேறுகிறார்கள். சென்னை சாலிகிராமத்தில் படையினர் குடியிருப்பு ஒன்றுக்கும் அவர் பெயர். புது டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் (2019) மார்பளவுச் சிலை உள்ளது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிகோபார்த் தீவுகளில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றோரின் பெயர்கள் சூட்டப்பட்டபோது, ஒன்று இவர் பெயரைப் பெற்றது.

யாழ்ப்பாணத்தில் அவர் இறந்த நாள் தனியே நினைவுகூரப்படும் நாளாக ஆகவில்லை. இறந்த புலிப் போராளிகளை நினைவுகூர 1989இல் தொடங்கிய மாவீரர் நாள் நவம்பர் 27. அதையொட்டிய மாவீரர் வாரம் 21இல் தொடங்குகிறது. தங்கள் பிள்ளைகளுக்காகக் குடாநாட்டுத் தாய்மார் விளக்கேற்றும் அந்த வாரத்துக்குள்தான் நவம்பர் 25உம் வருகிறது.