பொன்தளத்தில் ஒரு முகம்

நம் இல்லங்களில் இயேசுவின் திரு இருதயப் படமும், கடைக்காரர் தந்த நாட்காட்டியில் சிரிக்கும் திரைநட்சத்திரமும் ஒரே சுவரில் தொங்குவது புதிதன்று. இரண்டும் ஒரே அச்சகத்தில் பிறந்தவையாகவும் இருக்கலாம். கலை அறிந்தோர் இவ்விரண்டையும் ஒருசேர ஒதுக்கிவிடுவர். அச்சிட்டுப் பெருக்கிய முகம் ஓவியமாகுமா என்பது அவர்தம் வினா.

இவ்வினா 1962-இல் நியூயார்க் நகரில் பெரும் பூசலாயிற்று. ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். 1953-இல் வெளிவந்த ‘நயாகரா’ திரைப்படத்தின் விளம்பரத்திற்கென எடுத்த அவரது புகைப்படத்தை, ஆண்டி வார்ஹோல் என்பார் பட்டுத்திரை அச்சு முறையில் துணியில் பதித்து, சுற்றிலும் பொன்வண்ணம் தீட்டினார். டிசம்பரில் அந்நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் கூட்டிய கருத்தரங்கில் விமர்சகர் ஹில்டன் கிராமர் இந்தப் ‘பாப்’ கலையைக் கடுமையாகச் சாடினார். வணிகப் பொருள்களின் உலகோடு நம்மைச் சமரசப்படுத்துவதே இதன் பயன் என்றார். அற்பமான குறையன்று அது.

ஆயினும் அந்தப் பொன்வண்ணத்தை நாம் எளிதில் கடந்துவிட முடியவில்லை. 1928-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த வார்ஹோல், பைசாந்திய வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கர். அம்முறை ஆலயங்களில் பீடத்தின் முன்னே புனிதர்களின் திருவுருவங்கள் பொன்தளத்தில் வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். இறுதி இராவுணவை வைத்து அவர் படைத்த தொடர், 1987 ஜனவரியில் மிலான் நகரில், லியொனார்தோவின் மூல ஓவியம் உள்ள மடத்தின் எதிரிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. அடுத்த மாதம் 22-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் ஆலயம் செல்வதையும், வீடற்றோருக்கு உணவு பரிமாறியதையும் கலை வரலாற்றாசிரியர் ஜான் ரிச்சர்ட்சன் நினைவுத் திருப்பலியில் எடுத்துரைத்தபோதுதான் பலரும் அறிந்தனர். அந்தப் பொன்தளம் வழிபாடா, எள்ளலா? விரிந்த பொன்வெளியில் அச்சிறு முகம் தனித்திருப்பதைக் காணும்போது, அது ஓர் ஒப்பாரி என்றே நமக்குப் படுகிறது.

புகழுக்குரிய முகத்தைத் தூய இடத்தில் அமர்த்துவது அமெரிக்காவில் தோன்றிய வழக்கமுமன்று. நம் செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில், ஆதிவராகக் குடைவரையின் முன்மண்டபத்தில் இரு பல்லவ மன்னர் அரசியரோடு எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளனர். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று மேலே பெயரும் பொறித்திருக்கிறது. பெயர் இருந்தும் அறிஞர் ஒன்றுபடவில்லை. முதலாம் மகேந்திரவர்மனும் அவன் தந்தையும் என்பர் சிலர். மாமல்லன் நரசிம்மவர்மனும் அவன் மகன் இரண்டாம் மகேந்திரனும் என்பர் வேறு சிலர். வழக்கு எவ்வாறு முடியினும் ஆகட்டும். நின்றிருக்கும் மன்னன் ஒரு கையால் அரசியின் கையைப் பற்றி, மறு கையின் விரலால் கருவறையைச் சுட்டுகிறான். தன் முகத்தைக் கல்லில் நிலைநிறுத்திக்கொண்டவன் பார்வையாளரை வேறிடத்திற்கு அனுப்புகிறான். ஜெர்மானிய ஓவியர் குரூனவால்டு இசென்ஹைம் பீட ஓவியத்தில், சிலுவையின் அருகே நிற்கும் திருமுழுக்கு யோவானுக்குத் தந்ததும் இத்தகைய விரலையே.

இன்று நம் பங்குத் திருவிழாக்களின் பெரும் பதாகைகளில் கொடையாளர், ஊர்த் தலைவர், குருக்கள் என முகங்கள் நிறைகின்றன. பாதுகாவலரான புனிதர் ஒரு மூலையில் ஒதுங்குகிறார். அம்முகங்களில் ஒன்றேனும் பீடத்தின் பக்கம் திரும்பியிருக்க நாம் கண்டதில்லை. எல்லாம் நம்மையே நோக்கிக் கைகூப்பி நிற்கின்றன.