பொறுமையை விட்டுப் பிரிந்த அன்பு: வட ஆப்பிரிக்கத் திருச்சபையில் ஒரு மாற்றம் (200–417)

கிறிஸ்தவ மரபு பேசும் நிபந்தனையற்ற அன்பை உள்ளத்து உணர்ச்சியாக மட்டும் கொண்டால், வரலாற்றை ஆராய்பவர் கையில் ஒன்றும் அகப்படாது. உணர்ச்சி ஏடுகளில் பதிவதில்லை. ஆனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தில், அன்பின் இயல்புகளை அடுக்கும்போது பொறுமையைத்தான் முதலில் வைக்கிறார். பொறுமை வெளியே தெரியக்கூடியது. எதிரில் நிற்பவர் மறுத்தால், பிரிந்து போனால், தீங்கு செய்தால் அன்பு செய்பவர் என்ன செய்தார் என்பதற்குச் சான்று தேட முடியும். அப்படித் தேடுவதற்கு ரோமப் பேரரசின் வட ஆப்பிரிக்க மாகாணங்களைவிட ஏற்ற இடம் இல்லை. அங்கே வாழ்ந்த தெர்த்துல்லியன், சிப்பிரியான், அகுஸ்தீனார் ஆகிய மூவரும் பொறுமையைப் பற்றி லத்தீனில் தனித்தனி நூல் எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டு நூற்றாண்டுகளில் அன்பைப் பற்றிய பேச்சு குறையவில்லை, கூடியது. அன்பு செயல்படும் முறையாக இருந்த பொறுமைதான் அந்த இடத்தை இழந்தது என்பது என் வாதம்.

கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன் ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் எழுதிய நூல் ஒரு வேடிக்கையான ஒப்புதலுடன் தொடங்குகிறது: என்னிடம் இல்லாத நற்பண்பைப் பற்றி எழுதத் துணிந்தேன் என்கிறார். அவருடைய மற்ற நூல்களின் சீற்றத்தைப் படித்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் நூலின் சாரம் வேடிக்கையன்று. சாத்தானின் வீழ்ச்சியையும் மனிதனின் முதற்பாவத்தையும் அவர் பொறுமையின்மையிலிருந்தே தொடங்குகிறார். பொறுமையைக் கடவுளின் இயல்பாகவே காட்டுகிறார். 197ஆம் ஆண்டையொட்டி எழுதிய தற்காப்பு நூலில், சபையின் பொதுநிதி ஏழைகளின் உணவுக்கும் அடக்கத்துக்கும், ஆதரவற்ற பிள்ளைகளுக்கும், சுரங்கத்திலும் சிறையிலும் வாடுவோருக்கும் செலவானதைக் குறிப்பிடுகிறார். 212இல் ஆளுநர் ஸ்காப்புலாவுக்கு எழுதியபோது, மதத்தில் கட்டாயத்துக்கு இடமில்லை என்று வாதிட்டார். கடவுள் காத்திருப்பதால் மனிதனும் காத்திருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம் இவை மூன்றையும் இணைக்கிறது.

சிப்பிரியானிடம் இந்த எண்ணம் நடைமுறை ஆகிறது. அவர் கார்த்தேஜின் ஆயரானதும் தேசியு பேரரசனின் வேதகலாபனை வந்தது, அடுத்துக் கொள்ளைநோய். நோயுற்ற பிற மதத்தவரையும், நேற்றுவரை தங்களைத் துன்புறுத்தியவர்களையும் கவனிக்கும்படி அவர் சபையாரை ஏவினார் என்று அவர் வரலாற்றை எழுதிய பொந்தியு சொல்கிறார். சீடர் குருவைப் புகழ்ந்து எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆகவே எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றும் சான்று வேறு. 256இல், திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்கள் கொடுத்த திருமுழுக்கு செல்லுமா என்பதில் உரோமை ஆயர் ஸ்தேவானோடு அவருக்குக் கடும் பூசல். அந்தச் சூட்டில்தான் பொறுமையின் நன்மை பற்றிய நூலை எழுதி, சர்ச்சை பற்றிய ஒரு கடிதத்தோடு சேர்த்து அனுப்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் 87 ஆயர்கள் கூடிய சங்கத்தைத் தொடங்கிவைத்தபோது, மாற்றுக் கருத்துள்ள எவரையும் தீர்ப்பிடப் போவதில்லை, உறவை முறிக்கப் போவதுமில்லை என்று அறிவித்தார். அதில் ஸ்தேவானுக்கு ஒரு குத்தல் இருந்தது உண்மை. இருந்தும், தம் மாகாணத்தில் கேள்வி கேட்க ஆளில்லாத ஒருவர் தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட செயல் அது.

வலுவிழந்தவர்களுக்குப் பொறுமை தவிர வேறு வழி ஏது, அதைப் புண்ணியமாகச் சொல்லிக்கொண்டார்கள் என்று கேட்கலாம். அரசோடு கொண்ட உறவுக்கு இது பெருமளவு பொருந்தும். 256ஆம் ஆண்டுச் சங்கத்துக்குப் பொருந்தாது. கொள்ளைநோய்க்கும் பொருந்தாது, ஓடிப்போகும் வழி அன்று கிறிஸ்தவர்களுக்கும் திறந்தே இருந்தது. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. இவர்களுடைய பொறுமை பழிவாங்கலைக் கைவிடவில்லை, கடவுளின் கடைசித் தீர்ப்புக்குத் தள்ளிவைத்தது. சிப்பிரியானின் நூல் அந்தத் தீர்ப்பு நாளின் எதிர்பார்ப்போடுதான் முடிகிறது. பொதுக் காட்சிகளைக் கண்டித்து எழுதிய நூலின் முடிவில் தெர்த்துல்லியன், துன்புறுத்தியவர்கள் எரிவதைக் காணும் களிப்பையே வருணிக்கிறார். இந்த உள்ளத்தை நிபந்தனையற்ற அன்பு என்று அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு. எனினும் தீர்ப்பைக் கடவுளிடம் விட்டவர் இவ்வுலகில் தண்டிக்கும் உரிமையைத் தமக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் மாறியது அந்த வரம்புதான்.

இந்த மாற்றத்தைப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். அது பாதிதான் சரி. பின்னர் வந்த மற்றொரு வேதகலாபனைக் காலத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் லக்தான்சியு தம் பெருநூலில், மதத்தைக் காப்பது கொலையால் அன்று, பொறுமையால் என்று வாதிட்டிருந்தார். பின்னர் அவரே கான்ஸ்டன்டைனின் மகனுக்கு ஆசிரியரானார். ஆப்பிரிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்திஸ்தர் என்ற குழுவினர்மீது 317 முதல் படையை ஏவிய கான்ஸ்டன்டைன், 321இல் அதைக் கைவிட்டு, அவர்களைப் பொறுத்துக்கொள்ளும்படி ஆப்பிரிக்க ஆயர்களுக்கு எழுதினான். அதிகாரம் கைக்கு வந்த பிறகும் பழைய முறைக்கு உயிர் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

முறை மாறியதற்கு இறையியல் நியாயம் தந்தவர் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீனார். தொடக்கத்தில் அவரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது, பேசியும் வாதாடியுமே வெல்ல வேண்டும் என்றவர்தான். 405இல் பேரரசன் ஹொனோரியு தொனாத்திஸ்தருக்கு எதிராக ஒன்றிப்புச் சட்டம் பிறப்பித்தான். 408ஐ ஒட்டி விஞ்சென்சியு என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தீனார் தம் மனமாற்றத்தை மறைக்காமல் சொல்கிறார்: சட்டத்துக்கு அஞ்சி ஊர் ஊராக மக்கள் கத்தோலிக்கராயினர், தம் சொந்த ஊரே அதற்குச் சான்று. 411இல் இரு தரப்பிலும் ஏறத்தாழ 280 ஆயர்கள் திரண்ட கார்த்தேஜ் மாநாடு தொனாத்திஸ்தருக்கு எதிராகவே முடிந்தது. 417இல் தளபதி போனிபாஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், விருந்துக்கு ஆட்களை வற்புறுத்தி அழைத்துவரச் சொல்லும் லூக்கா நற்செய்தி உவமையைக் கட்டாயத்துக்கு ஆதாரமாக்கினார். தண்டிப்பதும் அன்பே, திருத்துவதற்காகத் தண்டிப்பதால் என்பது அவர் நியாயம். இதே ஆண்டுகளில் அவர் பொறுமையைப் பற்றியும் எழுதினார். அந்த நூலில் உண்மையான பொறுமை மனித முயற்சியால் வராது, கடவுளின் கொடை என்பதே மையக் கருத்து. அங்கே பொறுமை துன்புறுபவரின் உள்ளத்துக்கு உரியது. மறுப்பவரை எப்படி நடத்துவது என்பதில் அதற்குப் பேச்சில்லை.

அகுஸ்தீனாருக்கு நியாயம் செய்யவும் வேண்டும். தொனாத்திஸ்தரின் முரட்டுக் கும்பல்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தாக்கின. பாகாயி ஊரின் ஆயர் குற்றுயிராக விடப்பட்டார். அந்நிலையிலும் பிடிபட்டவர்களைக் கொல்லவோ உறுப்புகளைச் சிதைக்கவோ கூடாது என்று அதிகாரி மார்செல்லினுக்கு எழுதி மன்றாடியவர் அகுஸ்தீனார்தான். அழிவை நோக்கிச் செல்பவரைத் தடுக்காமல் பார்த்திருப்பது அன்பா என்ற அவர் கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அடிப்பவனைத் தடுப்பதும் நம்பாதவனை நம்பவைக்கத் தண்டம் விதிப்பதும் ஒன்றல்ல. முன்னது அயலாரைக் காப்பது. பின்னதில், நீ திரும்பினால்தான் விடுவேன் என்ற நிபந்தனை அன்பின் பெயராலேயே நுழைந்துவிடுகிறது. பொறுமையைப் போதிப்பது ஒடுக்கப்பட்டவர்களை வாய்மூடச் செய்யும் என்று இன்று சொல்லப்படும் குறையும், அன்பும் பொறுமையும் பிரிந்த இந்த இடத்தில்தான் வேர்கொண்டது என்பேன். சிப்பிரியான் பொறுமையை அதிகாரம் உள்ளவரின் கடமையாக்கிக் காட்டினார்; பின்னர் அது கீழே இருப்பவரிடம் மட்டும் எதிர்பார்க்கப்பட்டது.

லூக்கா உவமைக்கு அகுஸ்தீனார் தந்த விளக்கம் பல நூற்றாண்டுகள் கட்டாயத்துக்குத் துணைநின்றது. 1965 டிசம்பர் 7இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், எவரையும் நம்பிக்கைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சமயச் சுதந்திர அறிக்கையில் அறிவித்தது. அதன் அடிக்குறிப்பில் லக்தான்சியு சான்றாக நிற்கிறார். அகுஸ்தீனாரும் நிற்கிறார், ஆனால் சங்கம் தேர்ந்தெடுத்தது, 405க்கு முன் அவர் எழுதியவற்றை.