லயத்துக் காம்பராவுக்கு எந்த அடுப்பு பாதுகாப்பானது?

2021 நவம்பரில் நாட்டின் பல பகுதிகளில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இது குறித்து ஆராய ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டரில் எரிவாயுக் கலவை மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்றது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். பழைய ரெகுலேட்டரும் தேய்ந்த குழாயும் அதைத் தாங்காமல் கசியலாம். 2022இல் எரிவாயுவே கிடைக்காமல் போக, பலர் விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் திரும்பினர்.

ஓப்பநாயக்க போன்ற தோட்டப் பகுதிகளில் அடுப்புத் தெரிவு ஒரு வீட்டின் விடயம் மட்டுமல்ல. லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ முழு லயத்துக்கும் பரவலாம். தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்தவர்களுக்கும் இந்த அச்சம் தெரியும்.

எரிவாயு அடுப்பு: புகை குறைவு, சமையல் விரைவு. ஆனால் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிறு படகில் அடித்தட்டில் தேங்குவதும் இதனால்தான். எனவே சிலிண்டரைப் பள்ளத்திலோ படுக்கும் இடத்திலோ வைக்கக்கூடாது. காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். 2.3 கிலோ, 5 கிலோ சிலிண்டர்கள் தூக்க இலகுவானவை. ஆனால் கசிந்தால் அவையும் ஆபத்தானவையே. இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள்; குமிழி வந்தால் கசிவு உண்டு. வாடை வந்தால் மின் ஆளியைத் தொடாமல், கதவைத் திறந்து எல்லோரும் வெளியேறுங்கள்.

சிறு டின் அடுப்பு: இடம் பிடிக்காது. ஆனால் பெரிய பாத்திரம் வைத்தால் வெப்பம் பக்கத்திலுள்ள டின்னைச் சூடாக்கி வெடிக்கச் செய்யலாம். சிறிய பாத்திரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

மண்ணெண்ணெய் அடுப்பு: எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ எண்ணெய் ஊற்றக்கூடாது. பெற்றோல் கலக்கவே கூடாது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மணலாலோ ஈரச்சாக்காலோ மூடுங்கள்.

விறகு அடுப்பு: வெடிக்கும் அபாயம் இல்லை; புகைதான் எதிரி. ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கக்கூடிய 'அனகி' மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பைவிட விறகை மிச்சப்படுத்தும். புகை வெளியேற வழி வேண்டும்.

எந்த அடுப்பானாலும் மூடிய அறையில் எரித்தால் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமோ வாடையோ இல்லை. குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிரைப் பறிக்கலாம்.

காற்றோட்டமான இடம் இருந்தால், தரச் சான்றுள்ள ரெகுலேட்டரும் புதிய குழாயும் பொருத்திய எரிவாயு அடுப்பே நல்ல தெரிவு. அந்த வசதியில்லாத காம்பராவில், வெளிச் சாய்ப்பில் வைத்த அனகி அடுப்பே மேல். ஆனாலும் தனிச் சமையலறை கொண்ட வீடு கிடைக்கும்வரை எந்த அடுப்பும் முழுப் பாதுகாப்பைத் தராது.