பத்து வாரங்கள் கண்ணில் படாத கருஞ்சிறுத்தை

சுவிற்சர்லாந்தில் இப்போது இரவு. கனடாவில் இருப்பவர்களுக்குப் பிற்பகல், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு விடியப்போகும் நேரம். தூக்கத்தை விட்டு வந்திருப்பவர்களுக்கு முதலில் நன்றி.

'லைஃப் ஆஃப் பை' நாவலை உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள், அல்லது 2012-ல் வந்த ஆங் லீயின் திரைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். யான் மார்டெல் 2001-ல் எழுதி, அடுத்த ஆண்டு புக்கர் பரிசு பெற்ற நாவல் அது. புதுச்சேரியில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன், நடுக்கடலில் ஒரு படகு, கூடவே ஒரு வங்கப் புலி. எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்தப் புலிதான். ஆனால் கடலுக்குப் போவதற்கு முன்பே, நாவலின் முற்பகுதியில், இன்னொரு பெரும்பூனை சில வரிகளில் வந்துபோகிறது. 1933-ல் சூரிச் விலங்குக்காட்சிச்சாலையிலிருந்து தப்பிய ஒரு பெண் கருஞ்சிறுத்தை. அது ஆசிரியரின் கற்பனை அல்ல. இன்றைய உரை அதைப் பற்றியது.

சொல்லைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'கரும்புலி' என்ற சொல்லை நம்மில் பலரால் விலங்கின் பெயராக மட்டும் கேட்க முடியாது. ஆகவே 'கருஞ்சிறுத்தை' என்றே சொல்லப்போகிறேன். உயிரியல்படியும் அதுவே சரி. கருஞ்சிறுத்தை தனி இனம் இல்லை, சாதாரணச் சிறுத்தைதான். தோலில் கறுப்பு நிறமி மிகுந்து புள்ளிகளை மூடியிருக்கிறது. சரிந்த வெயிலில் பார்த்தால் கறுப்புக்குள்ளே அந்தப் புள்ளிகள் தெரியும். சிறுத்தைகளில் இது ஒடுங்கு பண்பு. தாயும் தந்தையும் புள்ளிச் சிறுத்தைகளாக இருந்தாலும், ஒரே ஈற்றில் ஒரு குட்டி கறுப்பாகவும் மற்றது புள்ளியோடும் பிறக்கலாம். இப்படிப்பட்டவை உலகில் அதிகம் இருப்பது தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் ஈரக் காடுகளில். மலாய்த் தீபகற்பத்தின் தெற்கே உள்ள சிறுத்தைகள் ஏறத்தாழ எல்லாமே கறுப்பு. நமது நீலகிரியிலும் மேற்குத்தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் உண்டு.

இனி 1933-க்கு வருவோம். சூரிச் விலங்குக்காட்சிச்சாலை நகரத்துக்கு மேலே, சூரிச்பேர்க் குன்றில், காட்டின் ஓரத்தில் இருக்கிறது. 1929-ல் திறந்தார்கள். அதற்கு நான்கு வயதாகியிருந்தபோது, ஓர் இலையுதிர்கால இரவில் அந்தச் சிறுத்தை வெளியேறியது. அது அங்கே புதிதாக வந்தது. ஏற்கெனவே இருந்த ஆண் சிறுத்தையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்குக் காலில் காயங்கள் இருந்ததாகவும், கூண்டின் கூரைக் கம்பிகளில் இருந்த இடைவெளி வழியாக அது நழுவிப்போனதாகவும் நாவல் சொல்கிறது.

நகரம் கலங்கியது. பொறிகள் வைத்தார்கள், வேட்டை நாய்களை விட்டார்கள். பொறியில் அகப்பட்டவை ஊர்சுற்றி நாய்கள்தான். வாரங்கள் போயின. பனி விழுந்தது. பத்து வாரங்களுக்குப் பிறகு, சூரிச் மாநிலமும் சென்காலன் மாநிலமும் தொடும் எல்லைப்பக்கத்தில், ஒரு களஞ்சியத்தின் அடியில் அது இருப்பதை ஒரு கூலித்தொழிலாளி கண்டார். கொன்றார். அதைச் சமைத்துச் சாப்பிட்டார் என்றும் சொல்வார்கள். அருகில் ரோ மான்களின் எலும்புகள் கிடந்தன. அந்தப் பத்து வாரமும் அது எந்த மனிதரையும் தொடவில்லை.

இந்தக் கதையை உலகம் அறியக் காரணமானவர் ஹைனி ஹெடிகர். 1908-ல் பாசலில் பிறந்த விலங்கியலாளர். பேர்ன், பாசல், சூரிச் என்று மூன்று நகரங்களின் விலங்குக்காட்சிச்சாலைகளுக்கும் அடுத்தடுத்து இயக்குநராக இருந்தவர். விலங்குக்காட்சிச்சாலை பற்றிய அறிவியலைத் தொடங்கிவைத்தவர் என்றே அவரைச் சொல்வார்கள். 1942-ல் அடைபட்ட காட்டுவிலங்குகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் இந்தச் சிறுத்தை வருகிறது. அந்த நூல் 1950-ல் ஆங்கிலத்தில் வெளியானது. மார்டெல் தன் நாவலுக்குள் ஹெடிகரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். ஹெடிகரின் முக்கியமான கருத்துகளில் ஒன்று 'தப்பும் தூரம்'. ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் அளவு இருக்கிறது. மனிதன் அதைத் தாண்டி நெருங்கினால் அது ஓடும். ஓட வழி இல்லாவிட்டால்தான் பாயும். கூண்டை விட்டுப் போகிற விலங்கு ஊரைத் தின்னக் கிளம்பவில்லை, ஒளிந்துகொள்ள ஓரிடம் தேடித்தான் போகிறது.

வெப்பநாட்டு விலங்கு பனியில் எப்படிப் பிழைத்தது என்று கேட்பீர்கள். சிறுத்தை எங்கும் வாழக்கூடியது. ரஷ்யாவின் தூரகிழக்கில், அமூர்ப் பகுதியில், முழங்கால் பனியில் வாழும் சிறுத்தைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது இரை, மறைவு, இரவு. சுவிஸ் மலையடிவாரத்தில் மூன்றும் இருந்தன. ரோ மான் நிறைய. மேய்ச்சல்நிலத்துக் களஞ்சியங்கள் குளிர்காலத்தில் ஆளரவமற்றுக் கிடப்பவை. மேலே வைக்கோல், கீழே காய்ந்த இடுக்கு. இரவோ பதினாறு மணி நேரம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நகரம் அந்தச் சிறுத்தையைத் தேடிய அந்த வாரங்களில், அங்கே இரண்டு சிறுத்தைகள் இருந்தன. ஒன்று களஞ்சியத்தின் கீழே மான் தின்று உறங்கிக்கொண்டிருந்தது. மற்றது மக்களின் மனத்தில், ஒவ்வொரு வேலியிலும் நின்றது. முதலாவதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பயந்தது இரண்டாவதற்கு.

அந்த இரண்டாவது விலங்கு 1933-ல் பிறந்ததும் அல்ல. யோஹான் யாக்கோப் ஷொய்க்ஸர் என்று ஒருவர் இருந்தார். 1672-ல் சூரிச்சில் பிறந்தவர், மருத்துவர், அல்ப்ஸ் மலையை நடந்து ஆராய்ந்தவர். 1723-ல் அவர் வெளியிட்ட மலைப்பயண நூலில் சுவிஸ் டிராகன்களைப் பற்றி மக்கள் சொன்ன சாட்சியங்களைத் தொகுத்திருக்கிறார், படங்களோடு. அவற்றில் ஒன்று ஃப்ரூம்ஸன் என்ற ஊரிலிருந்து வந்தது, இன்றைய சென்காலன் மாநிலம். கருஞ்சாம்பல் உடல், ஏழடிக்குக் குறையாத நீளம், கால் இல்லை, தலை மட்டும் பூனைத் தலை. ஊரில் பசுக்களின் மடி காரணம் தெரியாமல் வற்றிக்கொண்டிருந்ததாம். அந்த விலங்கைக் கொன்ற பிறகு அது நின்றதாம். மடியில் பால் குறைந்தால் நம் ஊரில் சாரைப்பாம்பைச் சொல்வார்கள், அங்கே பூனைத்தலைப் பாம்பு. பசு வளர்ப்பவனின் பயம் எங்கும் ஒன்றுதான்.

இதே வகை விலங்கை பேர்ன் மலைநாட்டில் 'ஸ்டோலன்வுர்ம்' என்றார்கள், கிழக்கு அல்ப்ஸில் 'டாட்ஸல்வுர்ம்' என்றார்கள். பூனை முகம், குட்டைக் கால், தடித்த உடல். 1814-ல் சாமுவேல் ஸ்டூடர் என்ற அறிஞர் இதைப் பற்றி எழுதினார். உடலைக் கொண்டுவருபவருக்குப் பரிசும் அறிவித்தார். எந்த அருங்காட்சியகத்துக்கும் இன்றுவரை அப்படி ஓர் உடல் வந்து சேரவில்லை. 1935-ல் மைரிங்கன் அருகே எடுத்ததாக ஒரு புகைப்படம் பெர்லினின் பெரிய படப்பத்திரிகையில் வெளியானது. அது போலி என்றே பொதுவாகக் கருதுகிறார்கள். சிறுத்தை செத்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் பத்திரிகைக்கு இன்னொரு பூனைமுகம் வேண்டியிருந்தது.

மூன்றாவது கதை 1946-ல். வாலிஸ் மாநிலத்தில் ஆடுகளை ஏதோ கொன்றுகொண்டிருந்தது. போர் முடிந்த மறுவருடம். பத்திரிகைகள் அதற்கு 'வாலிஸின் கொடுவிலங்கு' என்று பெயர் வைத்தன. எங்கிருந்தோ தப்பிவந்த சிறுத்தை என்றார்கள், சிவிங்கிப்பூனை என்றார்கள், வேறு பலவும் சொன்னார்கள். வேட்டைகள் நடந்தன. 1947 நவம்பரில் ஐஷோல் என்ற ஊரருகே ஒரு விலங்கைச் சுட்டார்கள். போய்ப் பார்த்தால், ஓநாய்.

ஓநாய் அந்த மண்ணின் பழைய குடி. ஆனால் பல தலைமுறைகளாக அதை வேட்டையாடித் துரத்தியிருந்தார்கள். சுவிற்சர்லாந்தின் கடைசிக் கரடியை 1904-ல் எங்கடினில் சுட்டார்கள். சிவிங்கிப்பூனையும் அதே காலத்தை ஒட்டி மறைந்தது. 1971-ல்தான் ஒப்வால்டன் மாநிலத்தில் அதை மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். 1995-ல் ஓநாய் இத்தாலிப்பக்கமிருந்து தானாகவே திரும்பி வந்தது. இடையில் இருந்த மக்களுக்கு அதன் காலடித்தடமே மறந்துபோயிருந்தது. ஆகவே தங்கள் சொந்தக் காட்டின் ஓநாயைவிட, பார்த்தே இராத தூரதேசத்துச் சிறுத்தையை நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

இந்த மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் விலங்கு இல்லை, கதை மட்டும் உண்டு. ஒன்றில் விலங்கு உண்டு, பெயர் தவறு. ஒன்றில் விலங்கும் உண்டு, பெயரும் சரி, ஆனால் அது செய்யும் என்று ஊர் எதிர்பார்த்த எதையும் அது செய்யவில்லை. மூன்றிலும் பயத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். பயத்துக்கு விலங்கின் நடத்தை தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நம் கதைக்கு வருகிறேன். மனிதரையும் விலங்கையும் ஒரே வரிசையில் நிறுத்த நான் வரவில்லை. அப்படி நிறுத்தியவர்களை நாம் கண்டிருக்கிறோம். நான் ஒப்பிடுவது பார்க்கிற கண்ணை மட்டும்தான்.

1983-க்குப் பிறகு ஈழத்தமிழ் இளைஞர்கள் சுவிஸுக்கு வரத்தொடங்கினார்கள். பேர்னில் அவர்கள் அதிகம். அன்றைய பத்திரிகைகளில் அவர்களுக்கு ஓர் அடையாளம் கிடைத்தது, கறுத்தத் தோல் ஜாக்கெட். தோல் ஜாக்கெட் போட்ட தமிழர், ஹெரோயின் விற்பவர் என்று ஒரு படம் எண்பதுகளின் நடுவில் நாடெங்கும் பரவியது. போதைப்பொருள் வழக்குகளில் சிலர் பிடிபட்டது உண்மை. ஆனால் அந்தப் படம் விழுந்தது எல்லோர் மீதும். குளிருக்கு ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்ற பையனை, அதுவரை அவனோடு ஒரு சொல்லும் பேசாதவர்கள் பார்த்த விதம் அது.

அந்தப் பையன்கள் உண்மையில் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் உணவகங்களின் சமையலறையில். பாத்திரம் கழுவுமிடம் பல கட்டடங்களில் நிலவறையில்தான் இருக்கும். பகல் முழுவதும் அங்கே, இரவு கடைசி ரயில், ஓர் அறையில் நான்கு பேர், மாதக்கடைசியில் ஊருக்குப் பணம். பிறகு அதே பத்திரிகைகள் தமிழரை அமைதியானவர்கள், கடும் உழைப்பாளிகள் என்று எழுதத்தொடங்கின. இன்று இங்கே ஏறத்தாழ 50,000 தமிழர் இருக்கிறோம். அந்த இரண்டாவது படத்தையும் நான் முழுதாக நம்புவதில்லை. முதற்படத்தைப் போலவே அதுவும் தூரத்திலிருந்து வரைந்ததுதான். உழைத்தவனின் முதுகுவலியோ, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் கழிந்த வருடங்களோ அதில் இல்லை.

இன்னொரு மரணத்தையும் சொல்லவேண்டும். இலங்கையில் கருஞ்சிறுத்தை இனி இல்லை என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், 2019-ல் வனவிலங்குத் திணைக்களத்தின் கேமராவில் ஒன்று பதிவானது. 2020 மே மாதம், மஸ்கெலியாப் பக்கம், நல்லதண்ணியில், கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்தது. அந்தச் சுருக்குகளைப் பெரும்பாலும் பன்றிக்குத்தான் வைப்பார்கள். மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தையும் தோட்டத் தொழிலாளரும் ஒரே பாதையை வேறு வேறு நேரங்களில் பயன்படுத்துகிறவர்கள். சூரிச்சில் ஊரே தேடியும் கிடைக்காதது, நல்லதண்ணியில் யாரும் தேடாமலே அகப்பட்டது.

வரலாற்று மாணவனாக எனக்கு இதில் ஒரு கவலை இருக்கிறது. சூரிச் சிறுத்தையைப் பற்றி நமக்குத் தெரிந்தவை அனைத்தும் தேடியவர்கள் சொன்னவை. அதன் பக்கத்துச் சாட்சியம் ஒரு குவியல் மான் எலும்பு மட்டும்தான். விலங்கின் விஷயத்தில் வேறு வழியில்லை. ஆனால் எண்பதுகளில் இங்கே வந்த தலைமுறைக்கு வாய் இருக்கிறது, தமிழ் இருக்கிறது, இப்போது அறுபது, எழுபது வயதும் ஆகிறது. ஆவணக்காப்பகங்களுக்குப் போனால் தோல் ஜாக்கெட் பற்றிய பத்திரிகைத் துணுக்குகள் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஜாக்கெட்டை என்ன விலைக்கு, யாரிடம், எந்தக் குளிரில் வாங்கினார்கள் என்பது அங்கே இல்லை.

ஆகவே இந்த உரையைக் கேட்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். பெரிய நேர்காணல் வேண்டாம். அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ மூன்று கேள்விகள் போதும். முதல் குளிர்காலத்தில் எங்கே படுத்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? உங்களைப் பார்த்து யார் பயந்தார்கள்? கைப்பேசியில் பதிவு செய்து, தேதி போட்டு வையுங்கள். ஐம்பது வருடம் கழித்து ஒருவர் இந்தக் காலத்தைப் பற்றிப் பேச வரும்போது, அவர் கையில் எலும்பு மட்டும் இருக்கக்கூடாது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.