சர்ஜனுக்குப் பின்னால் ஒரு முக்காலி

1944, நவம்பர் 29. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் மேஜையில் ஐலீன் சாக்ஸன் என்ற 15 மாதக் குழந்தை. எடை நாலு கிலோ சொச்சம்தான்! உதடு, விரல்நுனி எல்லாம் நீலம் பாரித்திருந்தன. பிறவி இதயக் கோளாறு. நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தம் போதுமான அளவு போகவில்லை.

தலைமை சர்ஜன் ஆல்ஃபிரட் பிளேலாக் ஆபரேஷனை ஆரம்பிக்கும் முன் ஒருவரைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவர் விவியன் தாமஸ். அவர் டாக்டர் இல்லை!

டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை பேங்க் திவாலானதில் தொலைத்தவர் தாமஸ். செய்த தொழில், தச்சு வேலை. 1930-ல் நாஷ்வில் நகரில் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது, அறுப்பது, தைப்பது எல்லாம் அங்கே வேலையோடு வேலையாகப் பழகியதுதான். கறுப்பர் என்பதால் சம்பளப் பட்டியலில் மட்டும் 'துப்புரவுத் தொழிலாளி'!

பிளேலாக் 1941-ல் பால்டிமோருக்கு மாறியபோது தாமஸையும் கையோடு அழைத்துவந்தார். 'இந்த நீலக் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய முடியாதா?' என்ற கேள்வியோடு அங்கே அவர்களிடம் வந்தவர், குழந்தைகளின் இதய நிபுணர் ஹெலன் டாசிக். கைக்குப் போகும் ரத்தக்குழாயை வெட்டித் திருப்பி, நுரையீரலுக்குப் போகும் குழாயோடு தைத்துவிட்டால்? தாமஸ் சுமார் 200 நாய்களில் இதற்காக உழைத்தார். பிளேலாக் அந்தத் தையலைப் போட்டது ஒரே ஒரு முறை... அதுவும் தாமஸுக்கு உதவியாளராக நின்று!

அதனால்தான் அன்றைக்கு சர்ஜனின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி. அதன்மேல் தாமஸ். 'இது சரியா? இடைவெளி போதுமா?' என்று பிளேலாக் கேட்டுக்கொண்டே தைத்தார். ஊசி தப்பான பக்கம் திரும்பினால், பின்னாலிருந்து மெல்லிய குரலில் திருத்தம் வரும். எஜமானுக்கு வேலைக்காரர் சொல்லிக்கொடுக்கிறார், அதுவும் நிறவெறி கொடிகட்டிப் பறந்த காலத்தில்! கேட்டுக்கொண்ட பிளேலாக்கையும் கொஞ்சம் பாராட்டத்தான் வேண்டும்.

ஐலீனின் நீலம் குறைந்தது. சில மாதங்களுக்குப் பிறகு அவள் இறந்துபோனாள் என்றாலும், அடுத்தடுத்து வந்த ஏராளமான குழந்தைகள் பிழைத்தார்கள். 1945-ல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையில் பிளேலாக், டாசிக் பெயர்கள் இருந்தன. தாமஸ்? மூச்! ஏகலைவனிடம் கட்டைவிரலைத்தான் கேட்டார்கள். இங்கே விரல்களை வைத்துக்கொண்டு பெயரை வெட்டிவிட்டார்கள்!

ஆனால், இளம் சர்ஜன்களுக்குத் தெரிந்திருந்தது. தையல் பழக அவர்கள் போய் நின்றது தாமஸின் ஆய்வுக்கூடத்தில்தான். 1969-ல் மனிதனுக்கு முதன்முதலாகச் செயற்கை இதயம் பொருத்திய டென்டன் கூலியும் அவரிடம் கற்றவர்தான். பகலில் பாடம் சொன்ன தாமஸ், வருமானம் போதாமல் பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுத்தார். கையில் கோப்பையோடு எதிரே நின்றவர்களில் அவருடைய மாணவர்களும் உண்டு.

1971-ல் அந்தப் பழைய மாணவர்கள் சேர்ந்து அவருடைய ஓவியத்தைத் தீட்டவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். 1976-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. மருத்துவத்துக்கு அல்ல... சட்டத்துக்கு!